காலடிப் பெட்டி

சூசைமாணிக்கத்துக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பங்குக் கோயிலுக்குப் பூசைக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் இன்னொன்றை மேற்கு வாசலிலும் விடுவார். ஜோடியாகக் கிடந்தால்தானே திருடன் எடுப்பான் என்பது அவர் கட்சி. பூசை முடிந்து அவர் ஒற்றைச் செருப்போடு கோயிலைச் சுற்றுவதைப் பார்த்துச் சனங்கள் சிரிக்கும். சிரிக்கிறவர்கள்மேலும் அவருக்குச் சந்தேகம்தான்.

இந்தக் கதை நடந்த வருடம் கைக்கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்து இடது கையைக் காதோரம் தூக்கி வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. முள் என்னவோ சரியாகத்தான் ஓடியது. ஆனாலும் கடைக்காரன் உள்ளே இருந்த நல்ல மெஷினை உருவிக்கொண்டு வேறு எதையோ வைத்துவிட்டான் என்று முடிவு கட்டி, அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

சேலத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் பிரேம் பகுதியில் இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை. அங்கே பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமானால் கையைத்தான் ஆட்ட வேண்டும், மெஷின் சத்தம் அப்படி. சிப்டு முடிந்தால் வயலின். பங்குக் கோயில் பாடற்குழுவில் பிடித்த வயலினை அவர் விடவே இல்லை. அறுபத்தெட்டில் அப்புசாமி என்கிற ஆர்மோனியக்காரர் அஸ்தம்பட்டியில் ஒரு சைக்கிள் கடை மாடியை வாடகைக்குப் பிடித்து ‘பொன்மணி இன்னிசைக் குழு’ என்று போர்டு மாட்டினார். அன்றைக்கே வயலின் நாற்காலியில் உட்கார்ந்தவர் சூசைமாணிக்கம். மில்லில் அவர் ஒரு நம்பர். தெருவில் ஒற்றைச் செருப்புக்காரர். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அவர் ‘சூசை மாஸ்டர்’. அந்த நாற்காலி போய்விட்டால் தான் யார் என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது.

சோகப் பாட்டுக்கு நடுவில் வயலின் தனியாக அழும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் கூட்டம் பேச்சை நிறுத்தும். பாட்டு முடிந்ததும் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது மேடையேறி மாஸ்டருக்குத் துண்டு போர்த்திவிட்டு இறங்குவார். அப்படிப் போர்த்திய துண்டுகள் பதினொன்று அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு மடித்துக் கிடந்தன. தலை துவட்டக்கூட ஒன்றை எடுக்க விடமாட்டார். அவர் மனைவி தெரசம்மாள், “அதென்ன ராசா ஊட்டுப் பட்டா” என்று முணுமுணுத்துக்கொண்டு பழைய வேட்டியைத்தான் கிழிப்பாள்.

எண்பதாம் வருடம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு ஒத்திகை என்று சொல்லியிருந்தார்கள். தன்னை விட்டுவிட்டு முன்னாலேயே எதையாவது ஆரம்பிக்கிறார்களா என்று பார்க்க மூன்று மணிக்கே போனார். சைக்கிள் கடைப் படியில் நாலு படிதான் ஏறியிருப்பார், மாடியில் வயலின் கேட்டது.

அவருடைய வயலின் அவர் கையில், பெட்டிக்குள் இருக்கிறது. மாடியில் வாசிப்பது யார்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் அவர் வாசிக்கும் அதே இடம்தான். சத்தமே இல்லாத இடத்திலிருந்து மெல்லக் கிளம்பி, பெருகி, உச்சியில் நடுங்கி, பிறகு கரைந்து போகிறது. நன்றாக வாசித்தான், எவனோ. மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சத்தம் டக்கென்று நின்றது.

உள்ளே இரண்டே பேர். ஒருவர் அப்புசாமி. இன்னொருவன் கிடார் வாசிக்கும் செங்கோடன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை அவனுக்கு, வாரம் ஒரு நாள் பஸ் ஏறி ஒத்திகைக்கு வருவான். இருவர் முகமும் தேன்குடத்தில் கைவிட்டு மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது.

“வாங்க மாஸ்டர், நேரத்துலயே வந்துட்டீங்க” என்றார் அப்புசாமி.

“ஏன், வரக்கூடாதா?”

“ஐயோ, அதுக்கில்லீங்க. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவது போல ஜன்னல் திரைக்குப் பின்னால் பார்த்தார். டிரம் செட்டுக்குப் பின்னால் பார்த்தார். கொல்லைப்பக்கம் போகிற படியில் ஆள் இறங்கிய சுவடு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்து தரையைத் தடவினார். வயலின்காரன் வில்லுக்கு ரோஸின் கட்டியைத் தேய்ப்பான். வாசித்தால் அந்த வெள்ளைத் தூள் காலடியில் கொட்டியே தீரும். எந்தக் கொம்பனாலும் அதை மறைக்க முடியாது. தரையில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தைத் தவிர எங்கேயும் ஒரு பொட்டுத் தூள் இல்லை. அது அவருடைய சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு எல்லாமே புலப்பட ஆரம்பித்தது. குழுவில் எல்லாரும் அவர் எதிரில் குசுகுசுவென்றே பேசினார்கள். முன்பு வாய்விட்டுப் பேசியவர்கள்தான். இப்போது உதடு அசைகிறது, பேச்சு வரமாட்டேன் என்கிறது. கிட்டத்தில் போய் “என்ன?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லீங்க மாஸ்டர்” என்றார்கள். மைக் செட் மாரி இன்னொரு வகை. வயலின் தனியாக வரும் இடம் நெருங்கினாலே அவன் அப்புசாமியைப் பார்ப்பான், அப்புசாமி தலையை அசைப்பார், மாரியின் கை எதையோ திருகும். இதற்கு நேர்மாறாக வீட்டில் தெரசம்மாள் மட்டும் கத்திக் கத்திப் பேசினாள். “சோறு போடட்டுமா” என்பதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். முப்பது வருடம் வாழ்ந்த பிறகு இவளுக்கும் நம்மைக் கண்டால் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் மனம் நொந்தார். உண்மையிலேயே நொந்தார். ஒரு நாள் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

பிறகுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. செங்கோடன் மேடையில் அவருக்கு இடப்பக்கம் உட்காருவான். அவன் காலடியில் ஒரு பலகைப் பெட்டி, அதன்மேல் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. கேட்டதற்கு, “கால் வெச்சுக்கறதுக்குங்ணா” என்றான். கால் வைக்கிற பலகைக்கு எதற்கு ஐயா துண்டு? அதிலிருந்து ஒரு வயர் வேறு கிளம்பி ஆம்ப்ளிபயருக்குப் போகிறது.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவர ஆரம்பித்திருந்த காலம். சூசைமாணிக்கத்துக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. எங்கேயோ ஒரு பெரிய வித்வானைப் பிடித்து வாசிக்கவைத்து டேப்பில் பதிந்திருக்கிறார்கள். பெட்டிக்குள் டேப் இருக்கிறது. நன்றாகப் பழகியதும் நாற்காலியை மடித்துவைத்துவிட்டு, ‘நீங்க ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்’ என்று சொல்லப்போகிறார்கள். டேப்புக்குச் சோறு போட வேண்டாம், வேனில் இடமும் வேண்டாம்.

பங்குனி முடிந்து சித்திரையில் தம்மம்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. மரவள்ளியும் மஞ்சளுமாக நல்ல வெள்ளாமைக்காரர் வீடு, வாசலிலேயே பந்தலும் மேடையும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரையும் டிபனுக்குக் கூப்பிட்டார்கள். சூசைமாணிக்கம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மேடையிலேயே தங்கினார். ஆள் அரவம் அடங்கியதும் துண்டை விலக்கிப் பெட்டி மூடியைத் திறந்தார்.

டேப் இல்லை. உள்ளே ஒரு லாரி ஆக்சிலேட்டர் பெடல் இருந்தது. பழைய வண்டியிலிருந்து கழற்றியது, டிரைவர் கால் தேய்த்த ரப்பர்கூட அப்படியே. அதற்குக் கீழே ஒரு ஸ்பிரிங், ஒரு கம்பி, ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று. அவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறைப் பயல் கச்சேரிக்கும் லாரிச் சாமானைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் பார் என்று மூடியைச் சாத்தப்போனார். கை பாதியில் நின்றது. கிடாரிலிருந்து வருகிற வயர் இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, இங்கிருந்துதான் ஆம்ப்ளிபயருக்குப் போகிறது. கிடார் சத்தம் எதற்காக ஆக்சிலேட்டர் வழியாகப் போக வேண்டும்?

அதற்கு அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் சோதிக்க ஒரு வழி கிடைத்தது. வழி ரொம்ப எளிது. தன்னுடைய இடம் வரும்போது வாசிக்காமல் இருந்து பார்ப்பது. வயலின் சத்தம் நின்றால் தான் ஒரு பைத்தியக்காரன், எல்லார் காலிலும் விழலாம். நிற்காவிட்டால் திருடன் பிடிபட்டான்.

ஏழு மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் சோபாவில் உட்கார்ந்திருக்க, ஐந்தாவது பாட்டாக அந்தச் சோகப் பாட்டு வந்தது. வரவேற்பில் சோகப் பாட்டு ஆகாது என்று சிலர் சொன்னாலும், பெண்ணின் அப்பாவே வயலினுக்காக அதைக் கேட்டு வாங்கியிருந்தார். பாடகி நிறுத்தினாள். தபலா அடங்கியது. மாரி அப்புசாமியைப் பார்த்தான், அப்புசாமி தலையை அசைத்தார்.

சூசைமாணிக்கம் வில்லைத் தந்தியில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் வில்லை ஒரு நூல் அளவு மேலே தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை வழக்கம் போல ஆட்டிக்கொண்டு, வில்லைக் காற்றில் இழுத்தார்.

வயலின் நிற்கவில்லை.

எதிரே தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. பெருகியது. உச்சிக்குப் போய் நடுங்கியது. அந்த நடுக்கம் அவருடைய நடுக்கம். மணிக்கட்டை அவர் எப்படி உலுக்குவாரோ அப்படியே, இரண்டு மெதுவாகவும் பிறகு வேகமாகவும். கண்ணைத் திறந்து இடப்பக்கம் பார்த்தார். செங்கோடன் அவரைப் பார்க்கவில்லை. அவன் கிடாரை ஆம்ப்ளிபயர் பெட்டிக்கு நேரே சாய்த்துப் பிடித்திருந்தான். ஒரு தந்தியைச் சுண்டுகிறான், அந்த நிமிடம் கால் பெடலிலிருந்து மேலே இருக்கிறது. பிறகு கால் மெல்ல மெல்ல அழுந்துகிறது. மேட்டில் ஏறுகிற லாரிக்கு டிரைவர் கொடுப்பது போலக் கொடுக்கிறான். சுண்டிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பெருகுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

திருடனைப் பிடித்துவிட்டார். கத்தியிருக்கலாம். ஆனால் அவர் கை நிற்கவில்லை, காற்றில் வில்லை இழுத்துக்கொண்டே இருந்தது. இருநூறு பேர் பார்க்க வில்லை நிறுத்த அவருக்கு வெட்கமாக இருந்தது. பாட்டு முடிந்தது, கைதட்டல் எழுந்தது. பெண்ணின் அப்பா மேடையேறி வந்து, சரிகைக் கரை போட்ட துண்டு ஒன்றை அவர் தோளில் போர்த்தினார்.

“உருக்கிப்புட்டீங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சூசைமாணிக்கம் கும்பிட்டார். அந்தத் துண்டு தோளில் தணல் மாதிரி இருந்தது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாடியேறினார். எதிர்பார்த்த மாதிரியே அந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். செங்கோடன் பெடலை மிதித்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் காலை எடுத்தான்.

“நிறுத்தாதே” என்றார் சூசைமாணிக்கம். “நான் வில்லைத் தூக்கினப்பவும் நிறுத்தலையே. இப்ப என்ன?”

அப்புசாமி எழுந்துவிட்டார். செங்கோடனுக்கு முகம் வெளுத்தது.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசமாச்சுங்ணா” என்றான் செங்கோடன். “கெங்கவல்லி கோயில் நோம்பிக் கச்சேரிக்குப் பொறவு.”

“எனக்குப் பதிலா எவனைக் கொண்டாறதுக்கு இந்த ஏற்பாடு?”

“யாரையுங் கொண்டாறதுக்கில்லீங்க மாஸ்டர்” என்றார் அப்புசாமி. “கெங்கவல்லியில உங்க சுருதி கீழ எறங்கிப் போச்சு. முன்னாடி உக்காந்திருந்தவங்க சிரிச்சாங்க. உங்களுக்கு அது தெரியலை. அடுத்த கச்சேரியிலயும் அப்படித்தான். மாரி உங்க மைக்கைக் கொறைச்சான். கொறைச்சா அந்த எடம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. அப்பத்தான் இவன் சுண்டு விரல்ல கிடார்த் திருகை மூடி மூடித் தொறந்து இப்படி ஒண்ணைக் கண்டுபுடிச்சான். கைக்குத் தோது வரலைன்னு பெறகு பெடல் செஞ்சான்.”

“பொய்” என்றார் சூசைமாணிக்கம். “சுருதி எறங்கினா எனக்குக் கேக்காதா?”

அப்புசாமி ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. சூசைமாணிக்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

“குசுகுசுன்னு பேசாதீங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.”

“குசுகுசுன்னு பேசலீங்க” என்று அப்புசாமி தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னார். “உங்களுக்கு எடது காது கேக்கலைங்க. வலதுங் கொஞ்சம் மந்தந்தான்.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தான்.

சூசைமாணிக்கம் இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காதில் வைத்தார். சத்தமில்லை. அதே கையைத் தலையைச் சுற்றிக் கொண்டுபோய் வலது காதில் வைத்தார். கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரன் மெஷினை மாற்றவில்லை. தெரசம்மாளுக்கு அவரைப் பிடிக்காமல் போகவும் இல்லை. அவர் பொத்தென்று தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மனிதனுக்கு இரண்டு வருடம் ஒரே நிமிடத்தில் இடிந்து விழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல காரியமில்லை. அப்புசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏஞ் சொல்லலை?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?” என்றார் அப்புசாமி, திரும்பாமலே. “நாற்காலியப் புடுங்கறதுக்கு நாங்க கட்டிவிட்ட கதைன்னு சொல்லியிருப்பீங்க.”

சூசைமாணிக்கம் செங்கோடனைப் பார்த்து, “வாசி” என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு வலது காதை ஆம்ப்ளிபயர் பெட்டியோரம் வைத்துக்கொண்டார். செங்கோடன் வாசித்தான்.

“சுண்டுற சத்தத்துலதானுங்ணா இது கிடாருன்னு காது கண்டுபுடிக்குது” என்று காதருகே குனிந்து உரக்கச் சொன்னான். “அதை மட்டும் மறைச்சுப்போட்டா இது என்னன்னு அதுக்குத் தெரியறதில்லைங்க. வில்லுன்னு நெனைச்சுக்குது. ஆம்ப்ளிபயருக்கு நேரா புடிச்சா தந்தி அதும்பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருக்குது.”

“நடுக்கம்?”

“அது உங்களுதுங்ணா. உங்க கையப் பாத்துப் பாத்துத்தான் வெரலை ஆட்டப் பழகுனேன். நீங்க வழுக்குற எடத்துல மட்டும் நான் ஏந்திக்குவேன். மத்த எடத்துல காலை எடுத்துருவேன்.”

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். இப்போது பன்னிரண்டு துண்டுகள். கெங்கவல்லிக்கு முந்தியவை ஏழு, பிந்தியவை ஐந்து என்று பாயில் பிரித்து வைத்தார். பிந்தியவற்றைச் செங்கோடனிடம் கொடுத்துவிடுவது என்பது அவர் எண்ணம். ஆனால் வழுக்குகிற இடத்தில் மட்டும் ஏந்தினேன் என்று அவன் சொல்கிறான். அப்படியானால் ஓமலூர்த் துண்டில் எவ்வளவு அவருடையது? ராசிபுரத்துத் துண்டில்? அந்தக் கச்சேரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எங்கே தன் கை முடிந்து எங்கே அவன் கால் ஆரம்பித்தது என்று அவரால் பிரிக்கவே முடியவில்லை. எல்லாமே அவருக்குத் தன் வாசிப்பாகத்தான் கேட்டது.

“உனக்கும் தெரியுமா?” என்று தெரசம்மாளைக் கேட்டார்.

“தெரியாமத்தான் தொண்டை கிழியக் கத்தறனாக்கும்” என்றாள் அவள். பிறகு அவருக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்து, துண்டுகளைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தாள். மடிக்கும்போது ஒன்றைத் தன் முந்தானையால் துடைத்து வைத்தாள்.

அடுத்த ஒத்திகைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சூசைமாணிக்கம் பையிலிருந்து சரிகைக் கரை போட்ட துண்டை எடுத்தார். செங்கோடன் முன்னால் போய் நின்று, அவன் எழுந்திருக்கும் முன்பே அவன் தோளில் போர்த்தினார்.

“ஐயோ, ஏனுங்ணா இது. வேண்டாங்க.”

“மத்த பதினொண்ணும் எப்படியோ எனக்குத் தெரியாது” என்றார் சூசைமாணிக்கம். “இது ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியும். அன்னைக்கு என் வில்லு தந்தியில படலை.”

பிறகு குனிந்து, காலடிப் பெட்டியை மூடியிருந்த பச்சைத் துண்டை உருவி மாரியிடம் வீசினார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் செங்கோடனுக்கு மறுபக்கம் போட்டார். அங்கே உட்கார்ந்தால் கேட்கிற காது அவன் பக்கம் இருக்கும். எண்பத்தாறில் குழு கலைகிற வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்து வாசித்தார். தன் சுருதி தவறுகிறதா என்று செங்கோடன் காலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். கால் அழுந்தினால் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்துவார். கால் எழுந்துவிட்டால், இப்போது பாடுவது தன் வயலின் மட்டும்தான் என்று நம்பினார்.

வயலின் இடம் வரும்போது மாரி எந்தத் திருகைத் தொடுகிறான் என்பதை மட்டும் கடைசிக் கச்சேரி வரைக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.